நோயில்லாத வேரில் தெரிந்த பூஞ்சை

1

வெளிநாட்டவர் அலுவலகத்தில் டோக்கன் எண் மாறும் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கும் நாள். ஜெர்மனிக்கு வந்து மூன்று வருடம் முடிந்துவிட்டது என்பதை எனக்கு நினைவூட்டியது அந்த அலுவலகம் அனுப்பிய கடிதம்தான். மடியில் கனத்த கோப்பு: வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுச் சான்று, வேலைக் கடிதம், அதற்கெல்லாம் நகல், நகலுக்கும் ஒரு நகல். எனக்கு முன்னால் பதினொரு பேர் இருந்தார்கள். அப்போது திருச்சியிலிருந்து ஸ்டெல்லா ஒரு படம் அனுப்பினாள்.

திறந்தேன். கறுப்பு. போனின் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டிப் பார்த்தேன். கறுப்பில் கொஞ்சம் பச்சைப் புழுதி பறந்தது. கூடவே ஒரு குரல் பதிவு.

"தேனு, இதுதான்டி என் மூணாவது சேப்டர். நல்லா உத்துப் பாரு. பூஞ்சை தெரியுதா? எனக்கும் தெரியல. பல்பு வேற சாகக் கிடக்கு. நான் என்ன, தீக்குச்சி கொளுத்திப் பாக்கவா?"

ஸ்டெல்லா பாலக்கரைக்காரி. கல்லூரியில் மூன்று வருடம் எனக்குப் பக்கத்து பெஞ்ச். அதன்பின் நான் கணினியில் படங்களைச் சரிசெய்யும் படிப்புக்குத் தாவி இங்கே வந்து விழுந்தேன். அவள் திருச்சியிலேயே வாழையின் வாடல் நோயைப் பற்றி முனைவர் பட்டம் செய்கிறாள்.

முந்தைய நாள்தான் எங்கள் ஆய்வகத்தில் ஒரு காட்சியைப் பார்த்திருந்தேன். யானா என்ற தோழி இதே மாதிரி இருண்ட, பொரிபொரியான ஒரு படத்தை ஒரு மென்பொருளுக்குள் போட்டாள். அரை நிமிடத்தில் கழுவித் துடைத்தாற்போல அது வெளியே வந்தது. காசில்லாத மென்பொருள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்றும் பார்க்கலாம். ஒரே இடத்தை மங்கலாக ஒன்று, பிரகாசமாக ஒன்று என்று எடுத்த நூற்றுக்கணக்கான ஜோடிப் படங்களை அதற்குக் காட்டவேண்டும். மங்கல் எப்படித் தெளிவாகும் என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு மங்கல் படத்தை மட்டும் கொடுத்தால் போதும், தெளிவை அதுவே கொடுத்துவிடும்.

ஸ்டெல்லா படத்தை இதில் போட்டால்?

துள்ளி எழுந்துவிட்டேன். நல்லவேளை, என் எண்ணும் அப்போதே வந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஜெர்மனில் ஏதோ கேட்டார். என் வாயிலிருந்து "ஆமாங்க" என்று வந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்தார். அவசரமாக "யா, யா" என்றேன். அதை எதற்குச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அட்டை கிடைத்துவிட்டது என்பதால் தவறான பதிலாக இருந்திருக்காது.

2

ஊரில் இருப்பவர்களுக்கு வாழையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. ரஸ்தாளி வாடும், பூவன் தாங்கும். காவிரிக்கரையில் கன்று வைக்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார். ஸ்டெல்லாவின் கேள்வி அதற்கு அடுத்தது: பூவனின் வேருக்குள்ளும் பூஞ்சை நுழையத்தானே செய்கிறது? அப்படியானால் எந்த இடத்தில் அது நிற்கிறது? வேரின் நடுவே தண்ணீர் ஏறும் குழாய்கள் இருக்கின்றன, அவற்றைச் சுற்றி ஒரு வளையம். அந்த வளையத்தைத் தாண்டுகிறதா, அங்கேயே மறிக்கப்படுகிறதா? இதற்குப் பதில் தெரிந்தால் ரஸ்தாளிக்கு ஏதாவது செய்யலாம்.

பார்ப்பதற்கு வழியும் இருக்கிறது. பூஞ்சை இழைகளின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு சாயம். அதன்மேல் நீல ஒளி விழுந்தால் பச்சையாக ஒளிரும். சிக்கல் என்னவென்றால், ஒளி பட்டுக்கொண்டே இருந்தால் சாயம் வெளுத்துவிடும். அவள் துறையில் இருப்பதோ பழைய நுண்ணோக்கி, பாதரச பல்பு. ஒருமுறை போட்டால் அரைமணி நேரத்துக்கு அணைக்கக்கூடாது. அணைத்தால் ஆறும்வரை மறுபடி போடக்கூடாது. நடுவில் கரண்ட் போனால் அன்றைய பொழுது போச்சு. சட்டென்று ஒரு மங்கல் படம் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவாள். அந்தக் கறுப்புப் படங்களின் கதை அதுதான்.

அவர்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எது ரஸ்தாளி, எது பூவன், எது பூஞ்சையைச் செலுத்தாமல் விட்ட, நோயே வைக்காத வேர் என்று படம் எடுப்பவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தானாக ஒருபக்கம் சாயும். அதனால் லேப் அட்டெண்டர் பாத்திமா அக்கா ஸ்லைடுகளின் பெயரை அழித்துவிட்டு வேறு பெயர் எழுதி வைப்பார். மற்ற இடங்களில் எண் போடுவார்கள். அக்கா பஸ் ஸ்டாப் பெயரைப் போடுவார். தினமும் சத்திரத்தில் ஏறிக் காட்டூரில் இறங்குகிறவர், அவருக்கு அதுதான் மறக்காது. சத்திரம், மெயின்கார்டு கேட், காந்தி மார்க்கெட், பால்பண்ணை, அரியமங்கலம், காட்டூர். எந்தப் பெயர் எந்த வேர் என்ற பட்டியலைக் கவரில் போட்டு ஒட்டி, பீரோவில் பூட்டிவிடுவார்.

"எல்லாப் படத்தையும் எண்ணி முடிச்சிட்டு வாங்க, அப்பத்தான் கவரு," என்பார். கைடு மேடம் கேட்டாலும் இதே பதில்தான்.

"மேடத்துக்கேவா?" என்றேன் ஸ்டெல்லாவிடம்.

"மேடம் ஒருதடவை கேட்டுப் பாத்தாங்க. 'அல்லாவே வந்து கேட்டாலும் எண்ணிட்டுத்தான் வரணும், மேடம்'னுச்சு அக்கா."

3

மென்பொருளுக்குக் கற்றுக்கொடுக்க ஜோடிப் படங்கள் வேண்டும் என்றேனே, அங்கேதான் நான் வழுக்கினேன். ஸ்டெல்லாவிடம் மங்கல் படம் மட்டும்தான் இருந்தது. பிரகாசப் படம் எடுக்கப் பல்பும் தாங்காது, சாயமும் தாங்காது. எங்கள் ஆய்வகத்திலோ ஜோடிப் படங்கள் குவிந்து கிடந்தன. எலியின் செல்களுக்குள் ஓடும் மெல்லிய நார்களைப் படமெடுத்தவை. நாரும் நூல்தான், பூஞ்சை இழையும் நூல்தான். நூலுக்கு நூல் சரியாகப் போச்சு என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தேன் என்றுகூடச் சொல்லமுடியாது. சனிக்கிழமை காலை காபி ஆறுவதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டேன்.

ஆறு ஸ்லைடுகளிலிருந்தும் படங்கள் வந்தன. ஒவ்வொன்றாக உள்ளே போட்டேன். வெளியே வந்ததைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். கறுப்பில் பச்சை இழைகள், ஒவ்வொன்றும் முடிபோல் துல்லியமாக. கிளை பிரிவது தெரிகிறது, வளைவது தெரிகிறது. சத்திரத்திலும் மெயின்கார்டு கேட்டிலும் காந்தி மார்க்கெட்டிலும் இழைகள் வளையத்தைத் தாண்டிக் குழாய்க்குள் ஓடின. பால்பண்ணை, அரியமங்கலம், காட்டூர் மூன்றிலும் வளையத்தோடு நின்றுவிட்டன.

வீடியோவில் அழைத்தேன். ஸ்டெல்லா முகத்தைத் திரையோடு ஒட்டவைத்துப் பார்த்தாள். பிறகு, "மாதாவே!" என்றாள். "தேனு, நிக்குதுடி. வளையத்துல முட்டி நிக்குதுடி. அப்ப இந்த மூணுல பூவன் இருக்கு!"

"நான் சொன்னேன்ல? பல்பாவது, கில்பாவது."

"போதும், ரொம்பப் பண்ணாத. இரு, மேடத்துக்கு அனுப்புறேன்."

மேடம் பத்தே நிமிடத்தில் பதில் போட்டார்: வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழுக் கூட்டத்தில் இந்தப் படங்களைத்தான் முதலில் காட்டவேண்டும். அந்தக் கூட்டம் சாதாரணமானதல்ல. மூன்றாம் அத்தியாயம் தேறினால் ஸ்டெல்லா ஆய்வேட்டை எழுத ஆரம்பிக்கலாம். இல்லாவிட்டால் உதவித்தொகை நிற்கிற நேரத்தில் கையில் ஆய்வேடு இருக்காது. வீட்டில் அவள் அப்பா ஏற்கெனவே ஒரு பள்ளிக்கூட வேலைக்கு அவள் பெயரில் விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தார்.

மறுநாள் ஞாயிறு. திருவெறும்பூரிலிருந்து அம்மா அழைத்தார். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ பேசுறது பாதி புரியல. நடுநடுவுல என்னது அது, 'கெனாவ், கெனாவ்'னு?" என்றார்.

"அப்படின்னா 'அதேதான்'னு அர்த்தம்மா."

"அதேதான்னே சொல்லிட்டுப் போயேன். உன் அப்பா உன்னை ஃபேக்டரி ஸ்கூல்ல சேர்த்தப்ப நாலு வார்த்த இங்கிலீஷ் பேசமாட்டியான்னு ஏங்கினாரு. இப்ப நாலு வார்த்த தமிழ் பேசமாட்டியான்னு உக்காந்திருக்காரு. மூணு வருஷத்துல இப்படி. உனக்கு நாளைக்கு ஒண்ணு பொறந்தா அது எங்ககிட்ட சைகையிலதான் பேசும்போல."

"பேசும்மா, நான் சொல்லிக்குடுப்பேன்."

"முதல்ல நீ மறக்காம இரு."

சிரித்துக்கொண்டே வைத்தேன். அன்று எதுவும் என்னைத் தொடவில்லை. திருச்சியில் ஒரு வாழைவேரின் இருட்டை நான் இங்கிருந்தபடியே விலக்கியிருக்கிறேன், எனக்கென்ன?

4

திங்கட்கிழமை மதியம் அவர்கள் எண்ணி முடித்தார்கள். ஒவ்வொரு ஸ்லைடிலும் எத்தனை இழை, எங்கே நிற்கிறது என்று ஸ்டெல்லா தாளில் எழுதி, பாத்திமா அக்காவிடம் கொடுத்தாள். நான் வீடியோவில் இருந்தேன். எனக்குக் காலை, இன்னும் பல் விளக்கவில்லை.

அக்கா பீரோவைத் திறந்து, கவரைக் கிழித்து, பஸ் கண்டக்டர் குரலில் படித்தார். "சத்திரம், ரஸ்தாளி."

"யெஸ்!" என்றேன்.

"மெயின்கார்டு கேட், ரஸ்தாளி. காந்தி மார்க்கெட், பூவன்."

ஸ்டெல்லா நிமிர்ந்தாள். காந்தி மார்க்கெட்டில் இழைகள் வளையத்தைத் தாண்டியிருந்தன.

"காட்டூர், பூவன். அரியமங்கலம்..." அக்கா தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "அரியமங்கலம், நோய் வைக்காதது. பால்பண்ணை, நோய் வைக்காதது."

ஸ்டெல்லா அக்காவின் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். 

"அக்கா, இன்னொருதடவை படிங்க," என்றாள் ஸ்டெல்லா.

"எத்தனைதடவை படிச்சாலும் பால்பண்ணையில பஸ்ஸு அங்கதாம்மா நிக்கும். நான்தான் கையால ஒட்டினேன். சுத்தமான தொட்டியில வளந்த வேரு. ஒரு பூஞ்சை கிடையாது."

பால்பண்ணைப் படத்தை நான் மறுபடி திறந்தேன். இருபத்திமூன்று இழைகள். ஆறிலும் அதிக அழகானது அதுதான். போனின் முகப்புப் படமாகக்கூட வைத்திருந்தேன்.

ஆறு ஸ்லைடில் இரண்டு வெறுமையாக இருந்திருக்க வேண்டும். அக்கா எப்போதும் நோயில்லாத வேரைக் கலந்துதான் வைப்பார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆறிலும் பூஞ்சை தெரிந்தபோது, வெறும் வேர் எங்கே என்று எங்களில் ஒருத்தியாவது கேட்டிருக்கவேண்டும். சந்தோஷத்தில் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். வாழைவேரின் செல் சுவர்கள் சாயமே இல்லாமலும் கொஞ்சம் ஒளிரும். மங்கலில் அது புள்ளி புள்ளியாகத் தெரியும். நான் பழக்கிய மென்பொருள் பிறந்ததிலிருந்து எலியின் நார்களைத் தவிர எதையும் பார்த்ததில்லை. புள்ளி வரிசையைக் கண்டதும் அதற்குத் தெரிந்த ஒரே பொருளை வரைந்துவிட்டது.

ஸ்டெல்லாவுக்கு விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்ப நீ அனுப்புனது என் வேர் இல்ல. என் வேருல உன் எலியைப் பார்த்து வரைஞ்சிருக்கு," என்றாள்.

பாத்திமா அக்கா கவரை மடித்துக்கொண்டே, "எலி வாழைக்குக் கெடுதல்தானே?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது.

5

அன்று மாலை நான் சொன்னதை இங்கே எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் அதை விட்டால் மிச்சம் எழுதுவதற்கு அர்த்தமில்லை.

"ஸ்டெல்லா, ஒண்ணு பண்ணலாம்," என்றேன். "நோயில்லாத வேரோட படத்தை மட்டும் சுத்தம் பண்ணாம, ஒரிஜினலா அப்படியே வச்சிடலாம். அது கறுப்பாத்தான் இருக்கும். கறுப்பா இருந்தா பூஞ்சை இல்லன்னுதானே பாப்பாங்க? வெள்ளிக்கிழமை தாண்டட்டும். அப்புறம் நான் எல்லாத்தையும் சரியா பழக்கித் தரேன்."

திரையில் அவள் முகம் அசையவில்லை. இணையம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

"தேனு. நீ சொன்னது என் காதுல விழலைன்னு வச்சுக்கிறேன்."

"இல்லடி, தற்காலிகமா..."

"அஞ்சு வருஷமா பாத்திமா அக்கா எதுக்கு ஸ்டாப் பேரு எழுதி ஒட்டுது? நம்ம ரெண்டு பேர் மாதிரி ஆளுங்களுக்காகத்தான். நாளைக்கு இதை நம்பி ஒருத்தரு பூவன்ல இருந்து எதையோ எடுத்து ரஸ்தாளியில வச்சுப் பாப்பாரு. அவரு தோட்டத்துல உன் எலியா போய் காவல் நிக்கும்?"

அழைப்பைத் துண்டித்துவிட்டாள். அவள் என்னிடம் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

எனக்குக் கோபம் வந்தது, பெரும்பாலும் என்மேல். உட்கார்ந்து ஒரு சோதனை செய்தேன். எங்கள் ஆய்வக நுண்ணோக்கியின் கேமராவை மூடி வைத்து, எதுவுமே இல்லாத ஒரு கறுப்புப் படம் எடுத்து, என் மென்பொருளுக்குள் போட்டேன். ஒன்பது இழைகள் வரைந்தது. இந்த ஐந்து நிமிடச் சோதனையை நான் சனிக்கிழமை காலையே செய்திருந்தால் மேடத்துக்குப் படம் போயிருக்காது.

அந்த மூடிய கேமராப் படம், அதிலிருந்து முளைத்த ஒன்பது இழைகள், பால்பண்ணையின் இருபத்திமூன்று எல்லாவற்றையும் வைத்து, தவறு என்னுடையது என்று மேடத்துக்கு எழுதினேன். அதையே சுருக்கி, அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்திலும் என் பெயரோடு போட்டேன். "வேறு செல்லில் பழக்கியதைத் தாவரவேரில் போடாதீர்கள், நான் போட்டேன், இதோ விளைவு."

வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா கறுப்புப் படங்களோடு கூட்டத்துக்குப் போனாள். என்ன நடந்தது என்று அவளே வெளியே வந்து அழைத்துச் சொன்னாள். நாலு நாள் கழித்து வந்த முதல் அழைப்பு.

"மேடம் முதல்ல பொரிஞ்சு தள்ளிட்டாங்க. 'அவ்வளவு அழகா இருந்துச்சேம்மா'ன்னு மூணுதடவை சொன்னாங்க. வெளியூர்லேர்ந்து வந்த சார் ஒருத்தரு மட்டும் உன் மூடுன கேமராப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாரு. 'இதையும் ஆய்வேட்டுல சேர்த்துடுங்க'ன்னாரு."

"சேப்டர்?"

"தேறல. ஆறு மாசம் குடுத்திருக்காங்க. உதவித்தொகை அதுக்கு முன்னாடியே நின்னுடும். அப்பாகிட்ட சொல்லிட்டேன், ஆறு மாசத்துக்கு விண்ணப்பத்தை எடுக்காதீங்கன்னு. பேப்பரைத் தூக்கிப் படிக்க ஆரம்பிச்சிட்டாரு. அது சம்மதம்தான்."

"ஸ்டெல்லா, ஸாரிடி."

"ஸாரி இருக்கட்டும். அந்த ஆறு மாசத்துல நீ என்ன பண்ணப்போற, அதைச் சொல்லு."

6

இந்த இலவச மென்பொருள் உலகத்தை நான் விடாமல் புகழ்வதற்குக் காரணம் இதுதான். இணையப் பக்கத்தில் நான் போட்ட பதிவுக்கு இரண்டே நாளில் ஒரு பதில் வந்தது. எந்த நாட்டுக்காரர் என்றுகூடத் தெரியாத ஒருவர். திட்டவில்லை. "பிரகாசப் படம் உங்களுக்குத் தேவையே இல்லை. ஒரே இடத்தை மங்கலாகவே இரண்டுதடவை எடுங்கள்," என்று எழுதி, அதற்கான வழியையும் இணைத்திருந்தார்.

படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்தடுத்து எடுத்த இரண்டு மங்கல் படத்திலும் புழுதி வேறு வேறு இடத்தில் விழும். வேர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டையும் காட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றைச் சொல் என்று மென்பொருளைக் கேட்டால், அதனால் புழுதியைச் சொல்லமுடியாது. சொல்லக்கூடியது வேரைத்தான். எலி இல்லை, என் ஆய்வகம் இல்லை. ஸ்டெல்லாவின் வேரிலிருந்தே ஸ்டெல்லாவின் வேரைக் கற்றுக்கொள்ளும்.

போன வாரம் வெங்காயத்தோலில் ஒத்திகை பார்த்தோம். ஸ்டெல்லா இருபது இடங்களில் இரண்டிரண்டு படம் எடுத்து அனுப்பினாள். வந்த விடை முன்புபோல் மினுக்கவில்லை. கொஞ்சம் மசமசவென்றுதான் இருந்தது. ஆனால் செல் சுவர் இருக்கிற இடத்தில் சுவர் இருந்தது. சுவர் இல்லாத இடத்தில் ஒன்றுமில்லை.

"அசிங்கமா இருக்குடி," என்றாள்.

"இருக்கட்டும். உள்ளதுதானே இருக்கு?"

"இப்படியே பேசிட்டிருந்தீங்கன்னா பல்பு எரிஞ்சு முடிஞ்சிடும்," என்று பின்னாலிருந்து பாத்திமா அக்காவின் குரல்.

இந்த முறை தொலைவிலிருந்து கைநீட்டப் போவதில்லை. பொங்கலையொட்டி மூன்று வாரம் விடுப்பு வாங்கியிருக்கிறேன். அம்மாவிடம் சொன்னபோது, "வீட்டுக்கு வரியா, வாழைக்கு வரியா?" என்று கேட்டார். இரண்டுக்கும் என்றேன்.

திட்டத்தை ஸ்டெல்லாவும் நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கைடு மேடத்திடமும் காட்டிவிட்டோம். ஊர் வந்து சேர்ந்த மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு லேப் திறக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போவது குறைவு. பல்பு சூடாக அரைமணி. முதலில் நோயில்லாத வேர்கள் மட்டும், இருபது இடம், இடத்துக்கு இரண்டு படம். மதியத்துக்குள் முடித்துவிடலாம். சாப்பிட்டு வருவதற்குள் மென்பொருள் ஓடிவிடும். அதில் ஒரே ஒரு இழை வரைந்திருந்தாலும் அன்றே மூட்டை கட்டிவிடுவது, ஸ்டெல்லா கறுப்புப் படங்களை வைத்துக் கண்ணால் எண்ணியதை மட்டும் எழுதிக்கொள்வது, நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து எண்ண உதவுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

ஒன்றும் வரையவில்லை என்றால், மறுநாள் காலை பூவன்.